சின்னத்துரையின் நகர்வலம்

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு நாட்டை ஒரு மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. காலையில் எதைப் பார்த்து மயங்குகிறாரோ, அதை மாலைக்குள் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவார்.

ஒரு நாள் வேடன் ஒருவன் ஆற்றங்கரைத் தோப்பில் பிடித்த இளங்குரங்கு ஒன்றை அவைக்குக் கொண்டுவந்தான். மகாராஜா ஒரு வாழைப்பழம் நீட்டினார். அது வாங்கி, பொறுமையாகத் தோலை உரித்து, பாதியைத் தான் தின்று மீதியை அவர் வாயிலேயே திணித்தது. அவ்வளவுதான், ராஜா உருகிவிட்டார்.

"என் உடன்பிறந்த தம்பிகூட எனக்கு இப்படி ஊட்டியதில்லை! இன்று முதல் இவன் பெயர் சின்னத்துரை. இவனைக் குறை சொல்பவர் பதவி இழப்பார்!" என்று அறிவித்தார்.

சின்னத்துரை அரண்மனையில் சில நாள்தான் இருந்தது. மகாராணியின் சவுரிமுடியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்தப்புரத்தில் உலா வந்தது. பணிப்பெண்கள் சிரிக்க, மகாராணி அழ, ராஜாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சின்னத்துரையை விடவும் மனமில்லை, மகாராணியைப் பகைக்கவும் துணிவில்லை.

அமைச்சர் பராங்குசர் எழுந்தார். அவை விகடன் கூத்தன்மேல் அவருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல். தான் பேசினால் கொட்டாவி விடுகிற மகாராஜா, கூத்தன் வாயைத் திறந்தாலே சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"மகாராஜா, சின்னத்துரையை வளர்க்கக் கூத்தன் இல்லமே தகுந்த இடம். ஆனால் விகடன் விளையாட்டுப் புத்திக்காரர். ஆகவே ஆணை தெளிவாக இருக்கட்டும். சின்னத்துரையைக் கட்டக்கூடாது, அதட்டக்கூடாது. மகாராஜாவுக்குரிய மரியாதை அனைத்தும், ஒன்றுகூடக் குறையாமல், சின்னத்துரைக்கும் செய்யவேண்டும். முடியாதென்று திருப்பிக் கொண்டுவந்தால் பதவியையும் வீட்டையும் விட்டு நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

குரங்கு வளர்ப்பது எத்தனை இனிமை என்று வளர்க்காதவர்களைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள். வளர்ப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. கூத்தன் வீட்டில் அரிசிப் பானை கவிழ்ந்தது, குங்குமச் சிமிழ் கிணற்றுக்குள் போனது. உலர்த்திய வடகம் முழுவதையும் சின்னத்துரை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, ஒன்று விடாமல் துப்பியது. அதட்டக் கூடாதே! கூத்தன் உத்தரத்தைப் பார்த்துக் கைகூப்பி, "திருவுளம் கனிந்து கீழே எழுந்தருள வேண்டும்" என்று வேண்டுவான். பதிலுக்கு அவன் தலையில் தயிர்ச்சட்டி விழும். பக்கத்து வீட்டார் சுவரில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் மனைவி உமையாள் கொட்டியதையெல்லாம் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் பெருக்குகிற வேகம்தான் கூத்தனுக்கு அதிக பயம். கடைசியில் ஒரு மாலை அவளே அவனைக் கூரைப் பக்கம் கைகாட்டி அழைத்தாள். சின்னத்துரை ஓட்டின்மேல் உட்கார்ந்து ஆற்றங்கரைத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. தோப்பில் குரங்குகள் அடையும் சத்தம் கேட்டது. இதுவும் மெல்ல முனகியது.

"எனக்கு அது மேல கோவமே இல்லைங்க. கொரங்கு கொரங்காத்தான் இருக்கும். ஆனா பாருங்க, அதுக்கும் இங்க இருக்கப் பிடிக்கல, எனக்கும் அதை வெச்சுக்க முடியல. யாருக்காக இந்தக் கூத்து? அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க துரையும் குடும்பம் நடத்துங்க."

உமையாள் சொன்னால் செய்பவள். திருப்பிக் கொடுத்தால் நாடு போகும், வைத்துக்கொண்டால் மனைவி போவாள். கூத்தன் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் பராங்குசர் நலம் விசாரிக்க வந்தார். தயிர் வழிந்த சுவரையும் கூத்தனின் முகத்தையும் பார்த்துப் பரம திருப்தி அடைந்தார்.

"ராஜ மரியாதைகள் குறைவின்றி நடக்கின்றனவா, விகடரே?"

"நடக்கின்றன, அமைச்சரே. ஒன்றுதான் பாக்கி. சின்னத்துரைக்கு இன்னும் நகர்வலம் செய்விக்கவில்லை."

கூத்தன் குரங்கைப் பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும் காட்சியை நினைத்ததும் பராங்குசருக்குச் சிரிப்புப் பொங்கியது. "அதை எப்படி விடலாம்? பல்லக்கும் மேளமும் நானே அனுப்புகிறேன்" என்றார். ஊரே கூத்தனைப் பார்த்துக் கைகொட்டப் போகிறது என்ற ஆசையில், அந்த நாட்டுப் பழக்கம் ஒன்றை அவர் மறந்துபோனார்.

பழக்கம் இதுதான். நகர்வலம் வரும் ராஜா எந்த வீட்டு வாசலில் இறங்கினாலும், அந்த வீட்டில் அவர் கைபட்ட பொருள் அவருக்கே சொந்தம். வீட்டுக்காரர் அதைத் தாம்பூலத்தோடு முகம் மலரக் கொடுக்கவேண்டும், முகம் சுளிப்பது ராஜ நிந்தனை. மகாராஜா பெருந்தன்மையானவர். போகிற இடத்தில் ஒரு பூவைத் தொட்டுவிட்டு வந்துவிடுவார். அதனால் யாருக்கும் இதுவரை நஷ்டம் இல்லை.

அடுத்த நாள் காலையில் மேளம் முழங்க, ஊர் திரண்டு பின்னால் வர, பல்லக்கு நேராகப் பராங்குசர் மாளிகை வாசலில் நின்றது. கூத்தன் திரையை விலக்கி, "எழுந்தருள வேண்டும்" என்றான். சின்னத்துரை ஒரே தாவலில் உள்ளே எழுந்தருளியது.

குத்துவிளக்கைத் தொட்டது. வெள்ளிக் கூஜாவைத் தொட்டது. கூடத்து ஊஞ்சலில் ஏறி ஆடியது. அடுக்களைக்குள் புகுந்து ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்தது. கூத்தன் பின்னாலேயே போய், "கைபட்டது! கைபட்டது!" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பல்லக்கோடு வந்த அரண்மனைக் காவலர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் ஏற்றினார்கள்.

"ஐயோ, எங்கம்மா குடுத்த ஊஞ்சலுங்க!" என்று அலறினாள் அமைச்சரின் மனைவி. "நீங்க எதுக்குங்க அந்த மனுஷன் வம்புக்குப் போனீங்க?"

"சும்மா இருடி! முகத்தை மலர்ச்சியா வெச்சுக்கோ, காவலாளி பார்க்கிறான்" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார் பராங்குசர். அப்போது சின்னத்துரை அவர் தோளில் ஏறி, தலைப்பாகையை உருவி எறிந்துவிட்டு, வழுக்கைத் தலையில் இரண்டு கையையும் வைத்துத் தட்டியது.

கூத்தன் பதறிப்போனவன்போல் கைகூப்பினான். "அமைச்சரே, தலையிலும் கைபட்டுவிட்டது! அதைத் தனியாக எடுத்துத் தாம்பாளத்தில் வைக்க வேண்டாம். அதோடு நீங்களே நடந்து வந்தால் போதும்."

வாசலில் நின்ற ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பல்லக்கு அடுத்து சேனாபதி வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள், சேனாபதி கதவைச் சாத்திக்கொண்டு பின்வழியாக அரண்மனைக்கு ஓடினார். அவருக்கு முன்னால் பராங்குசர் வெறுந்தலையோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா! அந்தக் குரங்கை நாட்டைவிட்டே துரத்தவேண்டும்!"

"என் சின்னத்துரையையா? ராஜ மரியாதை ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று சொன்னது நீர்தானே?" என்று கேட்ட ராஜா, நடந்ததைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். பல்லக்கை அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டுக் கூத்தன் குரங்கைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்ததும், "கூத்தா, ஆணையை இவ்வளவு சிரத்தையாக நிறைவேற்ற வேறு யாரால் முடியும்? சின்னத்துரை இனி ஆயுள் முழுவதும் உன் வீட்டிலேயே இருக்கட்டும்!" என்றார்.

 கூத்தன் விரித்த வலை அவன் காலிலேயே சுற்றிக்கொண்டதே! உமையாள் மூட்டை கட்டுவது கண்முன்னே தெரிந்தது. மறுத்துப் பேசினாலோ நாடு போகும்.

அவனுக்காகச் சின்னத்துரை பேசியது என்றுதான் சொல்லவேண்டும். பழைய சிநேகிதரைக் கண்ட அது, தாவிப்போய் மகாராஜாவின் மடியில் உட்கார்ந்து, அவர் தலையில் பேன் பார்க்கத் தொடங்கியது. கிரீடம் இடைஞ்சலாக இருந்தது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

கூத்தன் நிமிர்ந்தான். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "கைபட்டது, மகாராஜா" என்றான் மெதுவாக.

 காவலர் இருவர் கிரீடத்தைப் பிடுங்கப் போனார்கள்.

"நில்லுங்கள்! ராஜ மரியாதைக்கு உரியவரிடமிருந்து மணிமுடியைப் பறிப்பது ராஜத் துரோகம்" என்றான் கூத்தன். "மகாராஜா, நகர்வலத்தில் கைபட்டதால், பழக்கப்படி அது இனி சின்னத்துரையுடையது. முகம் மலரக் கொடுக்கவேண்டியது தங்கள் கடமை."

ராஜா தன் வெறுந்தலையைத் தடவிப் பார்த்தார். எதிரில் பராங்குசரின் வெறுந்தலையையும் பார்த்தார். "கூத்தா, இப்போது இந்த நாட்டுக்கு யார் ராஜா?"

"அதை முடிவு செய்ய அவரைத் தோப்பில் இருக்கும் அவருடைய குடிமக்களிடமே அழைத்துப் போவோம். அங்கே கிரீடம் தின்ன உதவாது, தானே திரும்பி வரும். இவருக்குத் தோப்புதான் நாடு, மகாராஜா. என் வீடும் தங்கள் அரண்மனையும் அந்தக் கிரீடம்போல இவருக்கு உதவாதவை."

அரசவை முழுவதும் ஆற்றங்கரைத் தோப்புக்குக் கிளம்பியது. மாமரத்தைக் கண்டதுதான் தாமதம், சின்னத்துரை கிரீடத்தோடு உச்சிக்கு ஏறியது. ஒரு கிழட்டுக் குரங்கு கிரீடத்தை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூ என்று கீழே போட்டது. இன்னொரு குரங்கு கிளை கிளையாக ஓடி வந்து சின்னத்துரையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. அதன் தாயாகத்தான் இருக்கவேண்டும். ராஜாவின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு குட்டியைப் பிரித்து வைத்திருந்தோமே என்று வெட்கப்பட்டார்.

பிறகு குனிந்து, மண்ணில் கிடந்த கிரீடத்தைத் தானே எடுத்துத் தட்டி, பல்தடத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூத்தா, நீ ஜெயித்தாய்! சின்னத்துரையைக் குறை சொன்னாலும் பராங்குசர் பதவி தப்பியது. ஆனால் அவர் வீட்டு ஊஞ்சல் இனி உன் வீட்டில் ஆடும். வேறென்ன வேண்டும், கேள்!"

"மனைவியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், மகாராஜா."

உமையாள் கேட்டது ஒரே ஒரு ஆணை. அரண்மனையிலிருந்து எந்தப் பிராணியை எந்த வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்தாலும், முதலில் அந்த வீட்டுப் பெண்ணின் சம்மதம் பெறவேண்டும். மகாராஜா அன்றே முத்திரையிட்டார்.

அடுத்த வாரம் ஒருவன் அழகான கரடிக்குட்டியோடு அவைக்கு வந்தான். மகாராஜா வழக்கம்போல் உருகி, ஆணைப்படியே பராங்குசர் மனைவியின் சம்மதம் கேட்டு ஆள் அனுப்பினார். அந்த அம்மாள் சொன்ன பதில், போன ஆள் திரும்பி வருவதற்கு முன்பே சிம்மாசனம்வரை கேட்டது.