மைனா ஏன் பாட்டை முடிப்பதில்லை

அந்தக் காலத்தில், ஐந்து ஆறுகள் ஓடும் பஞ்சாப் நாட்டில், மைனா மனிதரைப் போலவே பேசும். கொஞ்சம் அதிகமாகவே பேசும், அதுதான் தொல்லை.

அங்கே மதானிபா என்று ஒரு புத்த பிட்சு இருந்தார். மடத்துப் பெரியவர்கள் சமஸ்கிருதத்தில் உபதேசம் செய்வார்கள். ஊர்க்காரர்கள் பக்தியோடு தலையாட்டி, அப்படியே தூங்கிப்போவார்கள். மதானிபா மட்டும், எருமை மேய்க்கிறவர்கள் பேசுகிற பேச்சிலேயே பாட்டுக் கட்டினார். "எருமையைக் கட்டக் கயிறு வைத்திருக்கிறாய், மனசைக் கட்ட என்ன வைத்திருக்கிறாய்?" என்று அவர் பாடினால், பெண்கள் சிரித்துக்கொண்டே ரொட்டியும் மோரும் போடுவார்கள். பிட்சுக்கள் உச்சிவேளை தாண்டிச் சாப்பிடக் கூடாது. அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வேளைதான்.

இதை ஒரு மைனா பார்த்தது. காலையில் அவர் புதுப்பாட்டைப் பாடிப் பார்க்கும்போது மரத்திலிருந்து கேட்டுக்கொள்ளும். அவர் கிளம்புமுன் ஊருக்குள் பறந்துபோய், "நானே கட்டினது!" என்று பாடி வெண்ணெய் வாங்கித் தின்னும். பின்னால் வியர்க்க விறுவிறுக்க வருகிற பிட்சுவுக்குக் கிடைத்தது வசவு.

"ஏன் சாமி, ஒரு பறவையின் பாட்டைத் திருடிப் பிழைக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?" என்றாள் தாரோ என்ற மோர்க்காரி.

மூன்று நாள் பட்டினி. காது அடைத்தது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிட்சுவுக்குக் கோபம் வரக்கூடாதுதான், என்ன செய்ய, வயிறு இருக்கிறதே! நான்காம் நாள் புதுப்பாட்டின் கடைசி அடியில், "மதானிபா சொல்கிறேன், கேளுங்கள்" என்று சேர்த்துப் பாடினார்.

மைனாவோ அர்த்தம் பார்க்கிற ஜாதி இல்லை. காதில் விழுந்ததை அப்படியே கொண்டுபோய், ஊர் நடுவில் தொண்டை கிழியப் பாடி முடித்தது: "மதானிபா சொல்கிறேன், கேளுங்கள்!"

"யாரது மதானிபா?" என்றாள் தாரோ.

"அது... என் செல்லப் பெயர்" என்றது மைனா.

அதற்குள் பிட்சு வந்து சேர்ந்தார். "சாமி, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டாள் தாரோ.

"மதானிபா, அம்மா."

ஊரே கொல்லென்று சிரித்தது. மைனா எடுத்தது ஓட்டம். தாரோவுக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயோ பாவி நான்! உச்சி சாயப்போகிறது, முதலில் சாப்பிடுங்கள் சாமி" என்று ரொட்டிமேல் ரொட்டியாக அடுக்கினாள்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எருமை மேய்க்கிறவர்களின் அந்தப் பேச்சு வளர்ந்து பஞ்சாபி ஆன பிறகும் வழக்கம் விடவில்லை. மைனாவும் அன்று முதல்தான் எந்தப் பாட்டையும் பாதியில் விட்டுவிட்டுப் பறந்துபோகிறது. முடித்தால் யார் பெயர் வாயில் வருமோ என்று அதற்குப் பயம்.