செவ்வந்தி அடித்த பன்னிரண்டு நொண்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும் எஸ்தர் கமலம் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால், என் சின்ன மகள் முழங்காலில் இரண்டாம் தடவை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன்.

ஏரிக்கரைக் காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அதன் கபடி அணியில் செவ்வந்தி என்ற கேளையாடு இருந்தாள். கேளையாடு என்றால் நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான். அதனால் மூச்சு விடாமல் “கபடி, கபடி” என்று பாடிப் போக அவளை விட்டால் ஆள் கிடையாது. தொடுவாள், ஒரே திருப்பில் கோட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒரு நாள் ஆட்டத்தில் காட்டுப்பன்றி ஒன்று அவளுடைய இடது பின்னங்காலை அமுக்கிப் பிடித்தது. அவள் உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. முழங்கால் திரும்பவில்லை. ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

நாற்பதாம் நாள் கேப்டன் நரி வந்தது.

“வலி போயிடுச்சா?”

“போயிடுச்சு அண்ணே.”

“அப்போ கால் சரியாயிடுச்சு. வா!”

போனாள். இந்தத் தடவை யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. சும்மா திரும்பினாள், விழுந்தாள். அதே முழங்கால்!

அம்மா கேளை அவளைப் புதருக்குக் கூட்டி வந்தாள். எட்டு மாதம் வாயருகே புல் கொண்டு வந்து கொடுத்தாள். தினமும் முட்டி போட்டு ஆண்டவரிடம் அழுதாள்.

எட்டு மாதம் கழித்து நரி மறுபடி வந்தது. கூடவே அதே அணியில் ஆடும் முள்ளம்பன்றி முத்தரசுவும் வந்தான்.

“செவ்வந்தி! மலைக்காட்டுக் கல்லூரியோட இறுதி ஆட்டம்! இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நீ வந்தா கோப்பை நமக்கு!” என்றது நரி.

“அவ வரமாட்டா” என்றாள் அம்மா. “இனிமே கபடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பேசாம வீட்டுல கிடக்கட்டும்.”

நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. “அத்தை, நல்லா யோசிங்க. விளையாட்டுல சேர்ந்தவங்களுக்குத்தான் கல்லூரிக் குகையில தங்க இடம். ஆடலைன்னா இடம் போயிடும். இடம் போனா படிப்பும் போயிடும்!”

கேளைகள் குடும்பத்தில் செவ்வந்திக்கு முன்னால் ஒருத்தரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

“வைத்தியர் என்ன சொல்றாருன்னு பார்ப்போமே” என்றான் முத்தரசு.

“உன்னை யாரு கேட்டா? உன்னைப் பிடிக்க எதிரணியில யாரும் கிட்ட வரமாட்டாங்கன்னுதான் உன்னை டீம்ல வெச்சிருக்கேன்!”

“கிட்ட வரவிடாததுதான் கேப்டன் என் திறமை!”

இப்படி எல்லாரும் பேசினார்கள். செவ்வந்தியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் காட்டுக்கு எலும்பு வைத்தியர் மரங்கொத்தி. அவர் முழங்காலை மேலும் கீழும் கொத்திப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார்.

“உள்ளே அறுந்த நார் ஒட்டிக்கிச்சு. பலம் வந்திருக்கான்னுதான் பார்க்கணும். நாளைக்குக் காலையில வா. முதல்ல நல்ல காலால முடிஞ்ச மட்டும் நொண்டியடி. அப்புறம் அடிபட்ட காலால அடி. நல்ல கால் இருபது அடிச்சா, மத்தது பதினெட்டாச்சும் அடிக்கணும். அப்படின்னா ஆடலாம்.”

அன்று சாயங்காலமே செவ்வந்தி அடித்துப் பார்த்தாள். நல்ல கால் இருபது. அடிபட்ட கால் பன்னிரண்டு. பதின்மூன்றாவதில் முழங்கால் நடுங்கியது. செவ்வந்தி உட்கார்ந்துவிட்டாள்.

புதருக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்த நரி சிரித்தது.

“இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நாளைக்கு நல்ல காலிலயும் பன்னிரண்டோட நிறுத்திடு. ரெண்டும் சமம்! நீ வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம்.”

செவ்வந்தி குகையை நினைத்தாள். படிப்பை நினைத்தாள். மறுநாள் காலையில் நல்ல காலில் பன்னிரண்டு அடித்துவிட்டு, மூச்சு வாங்குகிற மாதிரி நின்றாள். அடுத்த காலிலும் பன்னிரண்டு அடித்தாள்.

“சமம்! போய் ஆடும்மா” என்றார் மரங்கொத்தி.

நரி வாலைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அம்மா போய் முட்டி போட்டாள்.

செவ்வந்தியும் முத்தரசுவும் ஏரிப் பக்கம் நடந்தார்கள். வழியில் ஒரு சின்ன வாய்க்கால். முள்ளம்பன்றிகூட இறங்கி ஏறிவிட்டான். செவ்வந்தி மட்டும் கரையோடு சுற்றிக்கொண்டு வந்தாள்.

“என்ன, தாண்டலையா?”

“கால் வரமாட்டேங்குது.”

“வைத்தியர் சமம்னு சொன்னாரே!”

செவ்வந்தி அழுதுவிட்டாள். “நல்ல காலை நொண்டியாக்கிக் காட்டினேன் முத்தரசு. அடிபட்ட காலைச் சரியாக்கலை. பத்து நாள்ல களத்துல இந்தக் கால்தானே என்கூட வரும்?”

அவள் நேராகப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“நானும் தப்புப் பண்ணிட்டேன்டி. ஆடாதே, ஆடாதேன்னு சொன்னேனே தவிர, உனக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் கேட்கலை. இப்போ கேட்கிறேன், சொல்லு.”

“எனக்கு ஆடணும்மா. ஆனா இப்போ முடியாது. படிப்பு போயிடுமோன்னுதான் பயம்.”

“வா. முதல்வரையே கேட்டுருவோம்.”

முதல்வர் ஒரு யானையம்மா. அவர் காதை விசிறிக்கொண்டு கேட்டார்.

“யார் சொன்னது அப்படி? ஆட்டத்துல அடிபட்டவங்களுக்குப் படிப்பு முடியிற வரைக்கும் குகையில இடம் உண்டு. வாசல் மரத்துலயே செதுக்கி வெச்சிருக்கே! யாரும் படிக்கிறதில்லையா?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நரி அந்த மரத்தில் சாய்ந்து, எழுத்து தெரியாதபடி வாலால் மறைத்துக்கொண்டு நின்றது.

“முதுகு அரிச்சுது மேடம், அதான்!” என்றது.

செவ்வந்தி மரங்கொத்தியிடமும் போய் உண்மையைச் சொன்னாள். அவர் வெட்கப்பட்டார்.

“எனக்குக் கொத்திப் பார்க்கத்தான் தெரியும். மறைச்சா கண்டுபிடிக்கத் தெரியாது. சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம். தினமும் அந்தக் கறையான் புற்று மேல ஏறி இறங்கு.”

இறுதி ஆட்டத்தில் கல்லூரி மூன்று புள்ளியில் தோற்றது. “செவ்வந்தி மட்டும் வந்திருந்தா...” என்று சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். அன்று அவளுக்குப் புல் இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் புற்றில் ஏறினாள். ஒரு வாரம் நொண்டி பதின்மூன்று வரும். அடுத்த வாரம் மறுபடி பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். அம்மாதான் பக்கத்தில் நின்று எண்ணுவாள்.

“பதினஞ்சு!”

“இல்லம்மா, பதினாலுதான்.”

“எனக்குப் பதினஞ்சுதான் கேட்டுச்சு.”

“அம்மா!”

“சரி சரி, பதினாலு.”

இரண்டு மழைக்காலம் வந்து போனது. ஒரு காலையில் நல்ல கால் இருபது அடித்தது. அடிபட்ட கால் பத்தொன்பது அடித்தது. மரங்கொத்தி தன் பங்குக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

“கால் தயார்னு சொல்லுது. ஆடுறதும் விடுறதும் உன் இஷ்டம்” என்றார்.

செவ்வந்தி உடனே சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். நான்காம் நாள் அம்மாவிடம் வந்தாள்.

“மறுபடி விழமாட்டேன்னு யாரும் உறுதி சொல்ல முடியாதும்மா. விழுந்தா அழுவேன். ஆனா இந்தத் தடவை ஏமாத்திட்டுப் போகலை. போறேன்.”

அம்மாவின் கண் நிறைந்தது. “போய்ட்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் முத்தரசுதான் கேப்டன். “முழங்கால் ‘போதும்’னு சொன்னா என்கிட்ட சொல்லு. அந்த நிமிஷமே உன்னை வெளியே உட்கார வைப்பேன்” என்று அவன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தான்.

ஆட்டத்தன்று அம்மாவும் களத்தோரம் வந்து நின்றாள். செவ்வந்தி கோட்டைத் தாண்டினாள். “கபடி, கபடி, கபடி...” களமே அடங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற குரங்கைத் தொட்டாள். இன்னும் இரண்டு அடி வைத்தால் கரடியையும் தொடலாம். பழைய செவ்வந்தி என்றால் வைத்திருப்பாள். இவள் ஒரு புள்ளி போதும் என்று திரும்பினாள். கரடி பாய்வதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

களத்தில் ஒரே சத்தம்! அம்மா கேளை மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

“என்ன ஆச்சு? விழுந்துட்டாளா?”

“புள்ளி எடுத்துட்டா அத்தை! நீங்க கண்ணை மூடினதுல பார்க்காம விட்டுட்டீங்க!” என்று கத்தினான் முத்தரசு.

அடிபட்டவர் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை அடுத்தவருடைய அவசரமோ அடுத்தவருடைய பயமோ முடிவு செய்யக் கூடாது. தன் உடம்பு சொல்லும் உண்மையை மறைக்காமல் கேட்டு, அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

அடிபட்டுப் படுத்திருக்கிற பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இன்றைக்கு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.