அகழி முதலை கடிக்காது

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ஊரே சுக்கு இடித்த காலத்தில், செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே ஒரு குறை. பெயர்கள் மறந்துபோகும். சேனாதிபதியைப் பட்டத்து யானையின் பெயரால் கூப்பிடுவார். யானையைச் சேனாதிபதியின் பெயரால் கூப்பிடுவார். யானை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேனாதிபதிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் ராணியைக் கூப்பிடப் போய், ராணியின் தங்கை பெயர் ராஜாவின் வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே நாடெங்கும் முரசு முழங்கியது. மறதிக்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு ஒரு கிராமமும் தங்கப் பல்லக்கும் பரிசு.

அந்த அரண்மனையில் ஓர் அறிஞர் சபை இருந்தது. அதன் தலைவர் ஞானசாகர பண்டிதர். சபைக்குச் சில வழக்கங்கள் உண்டு. ஓர் ஆய்வைக் கேட்டு மூன்று உறுப்பினர்கள் தலையாட்டித் தலைவர் முத்திரை வைத்துவிட்டால், அது உண்மை. வெளியாள் யாரும் அதை மறுத்துப் பேசக் கூடாது. சபையில் யார் சுவடி எழுதினாலும் அதில் தலைவர் பெயர்தான் முதலில் வரவேண்டும். சுவடி அறை முழுக்க ஞானசாகரர் பெயர்தான். அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை.

முரசு முழங்கிய சில வாரங்களில் பண்டிதர் ஒரு வெள்ளிச் சிமிழோடு வந்து நின்றார்.

"மகாராஜா, இது நினைவுச் சூரணம். நமது அன்ன சத்திரத்துக் கஞ்சியில் கலந்து சோதித்தோம். பின்பு குடித்தவர்களை அழைத்து, 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்டோம். வந்தவர்கள் அத்தனை பேரும் பிழையின்றி விடை சொன்னார்கள்."

"என்ன சொன்னார்கள்?" என்றார் ராஜா ஆவலாக.

"கஞ்சி என்று."

ஓர் ஓரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அரசவை விகடகவி வடுகநாதன்தான். "மகாராஜா, அந்தச் சத்திரத்தில் தினமும் கஞ்சிதான். என் வீட்டுப் பூனைகூட அந்தக் கேள்விக்குத் தேறிவிடும்" என்றான்.

பண்டிதர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராஜாவுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்று மாலை சூரணத்தைச் சாப்பிடுவதாக முடிவு செய்தார்.

அந்த நேரத்தில் காவலர்கள் ஒரு பெண்ணை இழுத்துவந்தார்கள். சத்திரத்துச் சமையல்காரி அங்கம்மாள். சத்திரத்தில் கஞ்சி குடித்தவர்கள் பலர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறார்கள் என்றும், சூரணம்தான் காரணம் என்று அவள் சந்தையில் சொல்லித் திரிகிறாள் என்றும் முறையிட்டார்கள்.

"கஞ்சி ஊசிப்போயிருக்கும்" என்றார் பண்டிதர். "தன் தவற்றை மறைக்கச் சபையின் மேல் பழி போடுகிறாள். சபை ஏற்ற உண்மையை வெளியாள் மறுப்பது குற்றம், மகாராஜா. தண்டனை நாடு கடத்தல்."

வழக்கம் வழக்கம்தானே. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அங்கம்மாள் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வடுகநாதன் முன்னே வந்தான். "மகாராஜா, அவள் சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டு..."

"விகடகவியாரும் வெளியாள்தான்" என்று பண்டிதர் குறுக்கிட்டார். "பேச ஆசையிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஆய்வு செய்து சபையில் ஏறட்டும். முடியாவிட்டால் சமையல்காரிக்குத் துணையாக அவரும் எல்லையைத் தாண்டட்டும்."

பண்டிதரின் நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவுக்குப் போட்டி என்றால் வெல்லம். "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

வடுகநாதன் நேரே சத்திரத்துக்குப் போனான். நாடு கடத்தப்பட இருக்கும் அங்கம்மாள் மூட்டை கட்டாமல், படுத்துக் கிடந்த ஒரு சுமைகூலிக்காரரின் வாயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்கம்மா, ஊருக்குக் கிளம்பலையா?"

"நான் போயிட்டா இவங்களுக்கு யாருங்க தண்ணி குடுப்பா? ஊசின கஞ்சியாம். உங்க பண்டிதர் ஒரு நாளாவது இங்க வந்து குடிச்சுப் பார்த்திருக்காரா? அவரோட சிஷ்யன் வந்து பானையில பொடியைக் கொட்டினான். என்னப்பா இதுன்னு கேட்டேன். வாசனைப் பொடி, அரண்மனையில குடுத்துவிட்டாங்கன்னான். நானும் நம்பி கிண்டிவிட்டேன்."

"குடிச்சவங்க எல்லாருக்கும் இப்படி ஆச்சா?"

"பாதிப் பேருக்கு. மறுநாள் சபையிலருந்து வந்து தண்டோரா போட்டாங்க. கஞ்சி குடிச்சவங்க நேர்ல வந்து பதில் சொன்னா ஆளுக்கு ஒரு வேட்டியாம். நடக்க முடிஞ்சவன் போயி வேட்டி வாங்கிட்டான். எந்திரிச்சு நிக்க முடியாதவன் வேட்டிக்கு எங்கங்க போவான்?"

வடுகநாதனின் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று.

"நீ மூட்டை கட்ட வேண்டாம் அங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினான். அவன் போய் நின்றது கோட்டை அகழிக் கரையில். முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கள்ளுண்டவர்கள், பந்தயம் கட்டியவர்கள், தாமரை பறிக்க ஆசைப்பட்டவர்கள் என்று அந்த அகழியில் இறங்கும் துணிச்சல்காரர்கள் ஊரில் எப்போதும் இருந்தார்கள். வடுகநாதன் அவர்களைத் தேடித் தேடிப் பேசினான். சுவடியும் எழுதினான்.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பண்டிதர் முன் பணிந்து நின்றான்.

"ஐயா, தங்கள் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். என் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கிறது."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. வாயாடி விகடகவியே வழிக்கு வந்துவிட்டானே. ஆய்வு நன்றாக இருந்தால் புகழ் தமக்கு. மோசமாக இருந்தாலும் சபையில் எப்போது யார் கேட்டிருக்கிறார்கள்?

"எதைப் பற்றிய ஆய்வு?"

"அகழியைப் பற்றி ஐயா. முறை மட்டும் தங்களுடையதே. தாங்கள் சூரணத்துக்கு எப்படிச் செய்தீர்களோ, அதில் ஓர் இம்மி மாற்றவில்லை."

"அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்" என்று பண்டிதர் முத்திரையைக் குத்தினார். தலைவர் குத்தியதைப் பார்த்த மூன்று உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை அவை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் வெள்ளிச் சிமிழ். மறுபக்கம் காவலர் நடுவே அங்கம்மாள். வடுகநாதன் சுவடியைப் பிரித்துக் கணீரென்று படித்தான்.

"ஞானசாகர பண்டிதர் தலைமையில் கண்ட உண்மை. அரண்மனை அகழியின் முதலைகள் மனிதரைக் கடிப்பதில்லை. அகழியில் இறங்கிக் கரையேறியவர் அனைவரையும் விசாரித்தோம். ஒருவரைக்கூட முதலை கடிக்கவில்லை. ஆகவே அகழி குளிப்பதற்கு ஏற்றது."

அவையில் சலசலப்பு எழுந்தது. ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "மெய்யாகவா? சிறு வயது முதல் அந்தத் தாமரைகளுக்கு நடுவே நீந்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பண்டிதரே, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அடக்கம், மகாராஜா" என்றான் வடுகநாதன். "ஆனாலும் தாங்கள் இறங்குவதற்கு முன்னால், கண்டுபிடித்தவர் ஒரு முழுக்குப் போடுவதுதானே முறை? வாசலில் எண்ணெயும் சீயக்காயும் தயாராக இருக்கின்றன."

"நியாயம்தான். பண்டிதரே, எழுந்திருங்கள்" என்றார் ராஜா.

பண்டிதர் எழுந்தார். உடனே மறுபடி உட்கார்ந்தார். "மகாராஜா, இந்தச் சுவடியை நான்... முழுவதும் படிக்கவில்லை."

"பெயர் முதலில் இருக்கிறதே" என்றார் ராஜா.

"முத்திரைகூடப் பளிச்சென்று இருக்கிறது" என்றான் வடுகநாதன். "முறையும் ஐயாவுடையதுதான். வந்தவர்களைக் கேட்டார், நானும் வந்தவர்களைக் கேட்டேன். வாருங்கள் ஐயா, தண்ணீர் ஆறிவிடப் போகிறது."

இரண்டு காவலர்கள் மரியாதையாகப் பண்டிதரின் கையைப் பிடித்தார்கள். வாசல்வரை போனார். முதலை ஒன்று வாலால் தண்ணீரை அடித்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பண்டிதர் தூணைக் கட்டிக்கொண்டு அலறினார்.

"அடேய் மூடா, கடிபட்டவன் எப்படியடா கரையேறி வந்து உன்னிடம் பதில் சொல்வான்?"

வடுகநாதன் கைகட்டி நின்றான். "மகாராஜா, அங்கம்மாள் கேட்டதும் இதே கேள்விதான். சூரணத்தால் விழுந்தவன் எப்படி எழுந்து வந்து பதில் சொல்வான்? அவள் கேட்டால் நாடு கடத்தல். சபைத் தலைவரே கேட்டுவிட்டார். இனி இவரை எங்கே அனுப்புவது?"

ராஜாவின் முகம் மாறியது. வெள்ளிச் சிமிழை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவைத்தார்.

"பண்டிதரே, கஞ்சியில் மருந்து இருப்பதாக அந்த மக்களிடம் சொன்னீர்களா?"

"சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டார்களே, மகாராஜா" என்றார் பண்டிதர், தூணை விடாமல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது.

காவலர்கள் அங்கம்மாளை விட்டார்கள். அவள் ராஜாவைக் கும்பிட்டுவிட்டு, "நேரமாச்சு சாமி, அங்க எல்லாரும் தண்ணிக்குத் தவிப்பாங்க" என்று ஓடியே போனாள். பின்னாலேயே அரண்மனை வைத்தியர்களை அனுப்பினார் ராஜா. அன்றே சபைக்கு ஆணை பிறந்தது. சோதனை என்றால் முதலில் சொல்ல வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். எழுந்து வந்தவரை மட்டும் எண்ணாமல் விழுந்து கிடப்பவரையும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். படிக்காத சுவடியில் பெயர் போடுகிறவர், அதில் எழுதியிருப்பதைத் தாமே செய்து காட்ட வேண்டும்.

பண்டிதர் தலைமையை இழந்தார். நோயாளிகள் தேறும்வரை சத்திரத்தில் அங்கம்மாளுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பது தண்டனை. எப்படி நடக்கிறது என்று பார்க்க ராஜா வடுகநாதனோடு ஒருநாள் மாறுவேடத்தில் போனார்.

பண்டிதர் வியர்வை சொட்ட அகப்பையோடு நின்றார். எதிரே, இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்ட சுமைகூலிக்காரர்.

"இதில் அரிசி, நீர், உப்பு ஆகியவை கலந்துள்ளன. அருந்தத் தங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதமில்லீங்க" என்றார் அவர்.

பண்டிதர் திகைத்தார். "ஏன்?"

"தொட்டுக்க மாங்காய் வெக்கல."

"அதான் சம்மதமில்லைங்கிறாருல்ல, ஓடிப்போய் மாங்காயை நறுக்குங்க பண்டிதரே" என்று உள்ளேயிருந்து அங்கம்மாளின் குரல் வந்தது.

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒட்டுமீசை நழுவிக் கஞ்சியில் விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார். வேடத்துக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி வடுகநாதனின் கழுத்தில் போட்டுவிட்டு, மாங்காய்த் துண்டு ஒன்று தனக்கும் வேண்டுமென்று பந்தியில் போய் உட்கார்ந்தார்.