மந்திரி முத்திரை வைத்த கள்ளுப்பானை

பனஞ்சேரி ராஜ்ஜியத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு கள்ளுக்கடை இருந்தது. பிடித்த கடையில் குடிப்பார்கள், பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார்கள். ஒருநாள் எவனோ ஒரு படுபாவி கள்ளில் ஊமத்தங்காயைக் கலந்து விற்றுவிட்டான். குடித்த பத்துப் பேரும் கோயில் கோபுரத்தில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றார்கள். ராஜா மகுடவர்மருக்கு வந்ததே கோபம்! "இனிமேல் நாட்டில் கள் விற்பது அரண்மனை மட்டும்தான்!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

பொறுப்பு மந்திரி நாகையாவிடம் வந்தது. சட்டம் எழுதுவதென்றால் அந்த மனுஷனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாற்பத்திரண்டு சட்டம் எழுதினார். இறக்கிய கள்ளெல்லாம் தலைநகர்க் கிடங்குக்கு வரவேண்டுமாம். ஏழு அதிகாரிகள் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். அப்புறம் பானை மூடியை இறுக்கிக் கட்டி அரக்கு முத்திரை வைக்கவேண்டுமாம். இதெல்லாம் முடிய நாலு நாள் ஆகும். நாலு நாள் கழித்துக் கள் எப்படி இருக்கும்? அதில் ஊறுகாய் போடலாம்!

ஊருக்கே ஒரு கடை. கடைக்கு ஒரே ஜன்னல். வரிசை கோட்டைவாசலைத் தாண்டி நிற்கும். "கொஞ்சம் புளிக்காததா பார்த்துக் குடுங்கய்யா" என்று கேட்டால், "இருக்கிறதுதான் இருக்கு. வேணும்னா வாங்கு, இல்லாட்டி நகரு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

ராஜாவும் பாவம், தன் உத்தரவுக்குத் தானே கட்டுப்பட்டு, சாயங்காலம் தோறும் அந்தக் காடியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். 'நமக்கு வயசாகிவிட்டது, நாக்கு செத்துவிட்டது' என்று தன்னையே நொந்துகொள்வார். உண்மையைச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

அரசவையில் இடும்பன் என்று ஒரு கெட்டிக்காரர் இருந்தார். அவருக்கு ஆற்றங்கரைப் பொன்னரும்பு கடைக் கள் என்றால் உயிர். பொன்னரும்பு சொந்த மரத்துக் கள்ளை விற்றவள். இரண்டு கலயத்துக்கு மேல் யாருக்கும் ஊற்றமாட்டாள். மூன்றாவது கேட்டால், "உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது? வீட்டுக்குப் போ!" என்று விரட்டுவாள். இடும்பனையே பலமுறை விரட்டியிருக்கிறாள்.

அந்தப் பொன்னரும்பு ஒருநாள் திருட்டுத்தனமாகக் கள் விற்று மாட்டிக்கொண்டாள். காலையில் இறக்கிய கள், பானையோடு சபைக்கு வந்தது.

"மகாராஜா! இவளை நாடு கடத்தவேண்டும். இவளுடைய பதினெட்டு மரங்களையும் வெட்டவேண்டும்!" என்றார் நாகையா.

"என்னைத் துரத்துங்க சாமி. மரத்தை மட்டும் வெட்டாதீங்க!" என்று பொன்னரும்பு கதறினாள்.

இடும்பன் சட்டென்று எழுந்தார்.

"மகாராஜா, முத்திரை இல்லாததுதானே குற்றம்? மந்திரியாரே இப்போது முத்திரை வைக்கட்டும். நாற்பத்திரண்டு சட்டத்தையும் சபையில் வாசிக்கட்டும். வாசித்து முடிக்கும்வரை இந்தப் பானை சட்டத்துக்கு அடங்கி உட்கார்ந்திருந்தால், இவளோடு நானும் நாட்டைவிட்டுப் போகிறேன். அடங்காவிட்டால் இவளை விட்டுவிட வேண்டும்."

"பானை எழுந்து ஓடிவிடுமா என்ன?" என்று நாகையா விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாவும் சரி என்றார்.

நாகையா முத்திரை வைத்த பானையெல்லாம் கிடங்கில் நாலு நாள் கிடந்து அடங்கிப்போனவை. காலையில் இறக்கி நுரைத்துக்கொண்டிருக்கும் கள்ளை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"ஐயையோ, அதைப் போய் மூடுறீங்களே..." என்று ஆரம்பித்த பொன்னரும்பு, இடும்பன் கண்ணடிப்பதைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மந்திரி மூடியை இறுக்கிக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, ஓங்கி முத்திரை குத்தினார். பானையைத் தன் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நல்ல சித்திரை வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் அடித்தது.

கடகடவென்று வாசித்தார். இருபது முடிந்தது. பானை கம்மென்று இருந்தது. இடும்பனுக்கு வேர்த்துவிட்டது.

"மந்திரியாரே, பதினேழாம் சட்டம் காதில் விழவில்லையே?"

மறுபடி வாசித்தார்.

"கடை ஜன்னல் எத்தனை அகலம் என்றீர்கள்?"

"ஒரு முழம்!"

"அடடா! உயரம்?"

இதுவரை யாருமே இதையெல்லாம் அவரிடம் கேட்டதில்லை. நாகையா பூரித்துப்போய் விளக்கோ விளக்கென்று விளக்கினார். சபையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பானைக்குள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கடைசிச் சட்டம்!" என்று நாகையா குரலை உயர்த்தினார். "அரண்மனை முத்திரையை எவரும் எக்காரணம் கொண்டும் உடை..."

டமார்!

மூடி உத்தரத்தில் போய் இடித்தது. தூங்கியவர்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். மந்திரி தலைப்பாகை முதல் கால்வரை ஒரே நுரை! ஒரு சிதறல் பறந்து போய் ராஜாவின் மீசையில் விழுந்தது.

ராஜாவின் நாக்கு மெல்ல வெளியே வந்தது. மீசையை ஒரு தடவு தடவியது. அவர் கண் அகல விரிந்தது.

"இடும்பா! இது என்ன?"

"கள், மகாராஜா."

"அப்படியானால் நான் ஒரு வருஷமாகக் குடித்தது?"

"அது சட்டம், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் நாக்கு சாகவில்லையடா!" என்று சிம்மாசனத்திலிருந்து குதித்தார். பொன்னரும்புக்கு விடுதலை. மரம் அத்தனையும் பிழைத்தது. "இஷ்டப்பட்டவர் கடை வைக்கட்டும். ஊமத்தங்காய் இருக்கிறதா என்று மட்டும் அரண்மனை பார்க்கட்டும்" என்றார். பிறகு, "இடும்பா, என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார்.

"பொன்னரும்பு கையால் மூன்றாவது கலயம், மகாராஜா!"

"கொடுத்தேன்!"

அன்று சாயங்காலமே ராஜாவையும் கூட்டிக்கொண்டு இடும்பன் ஆற்றங்கரைக்குப் போனார். இரண்டு கலயம் இறங்கியது. கெத்தாகக் கலயத்தை நீட்டினார்.

"ஊற்று பொன்னரும்பு! ராஜா உத்தரவு!"

பொன்னரும்பு இடுப்பில் கைவைத்தாள். "உசிரைக் காப்பாத்துன மகராசன் நீங்க, நல்லா இருங்க. ஆனா உங்க சம்சாரத்துக்கு உத்தரவா வந்து பதில் சொல்லும்? வீட்டுக்குக் கெளம்புங்க!"

இடும்பனுக்குப் பின்னால், மூன்றாவதுக்குக் கலயத்தை நீட்டத் தயாராக இருந்த ராஜா, அதைச் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.