கருவைக் கண்டு காவலன் கை இறங்கிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கு மட்டுமல்ல, அவற்றின் உடம்புக்குள் ஓடும் ரத்தத்துக்கும் வாய் இருந்தது. செவலை என்ற பெண்மானின் ரத்தத்தில் வெள்ளைக் காவலர்கள் இரவு பகலாகச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் வெண்ணன். அடிப்பதில் கெட்டிக்காரன், யோசிப்பதில் சுமார்.

அவர்களுக்கு ஒரே வழக்கம்தான். எதிரில் வருபவரின் இரண்டு தோளையும் பார்ப்பார்கள். இரண்டிலும் செவலையின் முத்திரை இருந்தால் போகலாம். இல்லையென்றால் தீர்த்துக்கட்டிவிட்டு மறுவேலை பார்ப்பார்கள்.

இப்படித்தான் அவளுடைய முதல் கரு போயிற்று. அடுத்ததும் போயிற்று. மறுபடி ஒன்று தங்கியதும் செவலை மேய்ச்சலை விட்டுவிட்டு வெண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, என் பிள்ளையைக் கொல்லத்தான் புல்லைத் தின்று உன்னை வளர்க்கிறேனா?"

"பிள்ளையா? ஒரு தோளில் உங்கள் முத்திரை, மறு தோளில் எவனோ ஒருவனுடையது. நான் என்னம்மா செய்ய?"

"எவனோ இல்லை, அதன் அப்பன். பிள்ளை என்றால் பாதி அப்பனைக் கொண்டிருக்காதா? இதையுமா நான் சொல்லித்தர வேண்டும்?"

"இன்று இதை விட்டால், நாளைக்குக் காய்ச்சல் கிருமியும் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வரும்."

நியாயம்தான், எரிச்சலூட்டும் நியாயம். செவலை வெடுக்கென்று திரும்பி நடந்தாள். மரத்தடியில் படுத்தாள். காவலர்கள் கருப்பையை நோக்கி நடப்பது உள்ளே சுருக்கென்று தெரிந்தது.

கருவிலிருந்த குட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. முட்டக் கொம்பில்லை, ஓடக் காலும் முளைக்கவில்லை. இருந்ததெல்லாம் கடுகளவு கல்லீரல். வந்த வீட்டுக்கு வெறுங்கையோடா வருவது என்று, அந்தக் கல்லீரலில் ஒரு புரதத்தைக் காய்ச்சித் தாயின் ரத்தத்துக்கு அனுப்பியது.

முன்னால் வந்த வெண்ணன்மேல் அது பட்டது. ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"என்னப்பா, நின்றுவிட்டாய்?" என்றாள் செவலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அடிக்கக் கை வரவில்லையம்மா. இத்தனூண்டு இருக்கிறது. மூக்கு வேறு அப்படியே உங்களுடையது."

அந்த நேரம் பார்த்து, குளம்பில் முள் குத்திய இடத்தில் ஒரு கிருமி நுழைந்து, "நானும் பிள்ளைதான்" என்றது. அதனிடம் அந்தப் புரதம் இல்லை; வெண்ணன் ஓடிப்போய் ஒரே அடியில் அதை முடித்துவிட்டு வந்தான்.

"இதை அடிக்க மட்டும் கை வருகிறதாக்கும்," என்றாள் செவலை. குரலில் பழைய காரம் இல்லை. அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. அப்போதுதான் பசி தெரிந்தது. எழுந்துபோய் வயிறார மேய்ந்தாள்.

அன்று முதல்தான், வயிற்றில் வரும் பிள்ளை தன் கல்லீரலில் காய்ச்சிய புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. பாதி அந்நியன் என்று தெரிந்தும் காவலர்கள் கையை இறக்கிக்கொண்டு வழிவிடுகிறார்கள்.