தொழுவத்துப் பங்கு

செம்மலைநாடுன்னு ஒரு சீமை. முன்னொரு காலத்தில் அதை மலையமாறன்னு ஒரு ராசா ஆண்டார். நல்ல மனுசன்தான், ஆனால் நினைத்தால் நினைத்தது. தூக்கம் கெடுதுன்னு ஒருநாள் காக்கைகளுக்கே தடை போட்டவர்.

ஒரு வருசம் மழை பொய்த்தது. அரண்மனைத் தானியமெல்லாம் இருக்கும் உக்கிராணத்துக்குத் தலைவரான தாண்டவராயர், ஏழைகள் சாப்பிடும் சத்திரத்தை மூடச் சொன்னார். அமைச்சர் கூத்தாண்டியார் எழுந்தார். சத்திரத்துக்குப் புதுசாக ஒரு செலவும் வேண்டாம், அரண்மனைத் தொழுவத்துக்கும் லாயத்துக்கும் போகிறதைக் கொடுத்தால் போதும் என்றார். நொய், தவிடு, கொள்ளு, வாழைத்தண்டு, பூசணித் தோல், வேலியோரத்து முருங்கைக்கீரை, அவ்வளவுதான்.

தாண்டவராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மகாராசா, இவர் குடிசனங்களை மாடாக்கப் பார்க்கிறார்."

"மாட்டைப் பார்த்தீரா தாண்டவராயரே? பளபளன்னு இருக்கு. நாமதான் நாலு படி ஏறினா மூச்சு வாங்குறோம்" என்றார் அமைச்சர்.

ராசாவுக்குக் குறும்பு பிறந்துவிட்டது. மலைக்கோயில் திருவிழா வரப்போகிறது. பல்லக்குத் தூக்குகிறவர்களில் பாதிப் பேரைத் தாண்டவராயர் போசிக்கட்டும், மீதிப் பேர் சத்திரத்தில் சாப்பிடட்டும்; யார் ஆட்கள் ராசாவை உச்சிக்குக் கொண்டுபோகிறார்களோ அவர் சொன்னபடி நடக்கும் என்றார். அமைச்சர் தோற்றால் சத்திரத்துக்குப் பூட்டு.

அமைச்சர் கும்பிட்டார். "சரி மகாராசா. தாண்டவராயர் கை தாராளம். தம் ஆட்களுக்குத் தாம் சாப்பிடுவதையே போடட்டும், பல்லக்கைத் தொடும் வரைக்கும் குறை வைக்கவேண்டாம்."

"நானா குறை வைப்பேன்?" என்று மீசையைத் தடவினார் அவர்.

சத்திரத்தில் நொய்க்கஞ்சியும் கொள்ளுத் துவையலும், மறுநாள் தவிட்டு அடையும் கீரையும், அப்புறம் தண்டுக்கூட்டும் மோரும். பூசணித் தோலைத் துவையல் அரைத்தால் இன்னொரு கை கேட்கும். முதல் நாள் முகம் சுளித்த தூக்கிகள், போகப்போகத் தட்டை வழித்தார்கள். அங்கே தாண்டவராயர் வீட்டில் மல்லிகைப்பூ மாதிரி ஏழு குத்துக் குத்தித் தவிடு போக்கின அரிசிச் சோறு, குளமாய் நெய், அதிரசம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் தலையசைக்கும் முன்னே சாப்பிடுகிறவர் இலையை மடித்தால் அவமரியாதை. அவரோ ரெண்டாம் பாயசம் தாண்டாமல் தலையசைக்கிறதே இல்லை.

திருவிழாக் காலையிலும் அதே விருந்துதான். முதலில் அவர் ஆட்கள் தூக்கினார்கள். பாதி மலையில் ஒரு மண்டபம். அங்கே பல்லக்கை இறக்கினவர்கள்தான், திரும்ப எழவில்லை. ஒருவன் வயிற்றைப் பிடித்தான், ஒருவன் தூணில் சாய்ந்து குறட்டை விட்டான். தாண்டவராயர் அதட்டினார். தூக்கிகளின் தலைவன் சடையன் ஏப்பம் விட்டபடி சொன்னான்: "தூக்கத்தான் சாமி பார்க்கிறோம், உங்க பாயசம்தான் இன்னும் இறங்கமாட்டேங்குது."

சத்திரத்து ஆட்கள் தோள் கொடுத்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

மேலே ராசாவுக்குப் பசி. விருந்துக் கூடையெல்லாம் தாண்டவராயர் ஆட்களோடு மண்டபத்திலேயே தங்கிவிட்டது. தூக்கிகளின் கட்டுச்சோறுதான் இருந்தது. தவிட்டு அடையும் தோல் துவையலும். ராசா ஒன்று தின்றார், இன்னொன்று கேட்டார், இது எந்த ஊர்ப் பலகாரம் என்றார்.

"நம்ம தொழுவத்துப் பங்கு, மகாராசா" என்றார் அமைச்சர்.

ராசா கையைப் பார்த்தார், அடையைப் பார்த்தார், மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். "சத்திரம் நடக்கட்டும். நம்ம சமையலறையிலும் இனி ஒரே குத்துக் குத்தின அரிசி போதும். இறக்கம்தானே, நான் நடந்தே வர்றேன்."

அப்போதுதான் தாண்டவராயர் தள்ளாடி, வாய் பிளந்து, உச்சிக்கு வந்து சேர்ந்தார். ராசா அவரைக் கைப்பிடித்துப் பல்லக்கில் உட்கார வைத்தார். "நடக்க முடியாதவருக்குத்தானய்யா பல்லக்கு."

ஊர்ச்சனம் ரெண்டு பக்கமும் நின்று பார்க்க, ராசா முன்னே நடந்தார். தாண்டவராயர் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வந்தார்.

அந்தச் சீமையில் அப்புறம் சத்திரத்து அடுப்பு அணையவே இல்லை. எல்லோருக்கும் சந்தோசம். தொழுவத்து மாடுகள் மட்டும், கூத்தாண்டியாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம்.