பாஸ்! பாஸ்!

"மாஸ்டர், எல்லா மேட்சுலயும் நாந்தான் அதிகமா பாயின்ட் போடுதேன். பொறவு ஏன் தோக்கோம்?"

கேட்டவன் ஜெபஸ்டின், கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கேப்டன்.

சொர்ணராஜ் மாஸ்டர் ஸ்டூல் மேல் நின்று வளையத்தில் புது வலை கட்டிக்கொண்டிருந்தார். வாயில் எப்போதும் போல விசில்.

"பயலுவ உன்னைய என்ன சொல்லிக் கூப்பிடுதானுவ?"

"பாஸ்னு, மாஸ்டர்."

அது அவனே கேட்டு வாங்கிய பட்டம். கேப்டன் ஆன அன்றே ஜூனியர்களிடம் சொல்லிவிட்டான். "அண்ணேன்னு கூப்பிட்டா கல்யாண வீட்டுல சாம்பார் வாளி தூக்கக் கூப்பிடுத மாதிரி இருக்குல. பாஸ்னு கூப்பிடுங்க."

"கோர்ட்டுலயும் அப்படித்தானா?"

"கோர்ட்டுலதான் ரொம்ப! பந்து என் கைக்கு வந்துட்டாப் போதும், நாலு பேரும் பாஸ் பாஸ்னு உயிரைக் குடுத்துக் கத்துவானுவ. அதக் கேட்டதும் எனக்கு ஒரு வேகம் வரும் பாருங்க, நேரா கூடைக்குத்தான்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. விசில் தானாக ஊதிக்கொண்டது.

"நாளைக்கு முதல் பாதி நீ வெளிய உக்காரு."

"மாஸ்டர்!"

நாளை கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. தோற்றால் இந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெபஸ்டினுக்கோ இது கடைசி வருஷம்.

"ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் வலையின் அடுத்த முடிச்சைப் போட்டார்.

மறுநாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

இரண்டாம் வருஷத்து இசக்கி பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறினான்.

"பாஸ்! பாஸ்!"

ஜெபஸ்டின் எழுந்தான். "என்னலே?"

ஒருத்தனும் திரும்பவில்லை. பந்து இசக்கி கையிலிருந்து ரியாஸ் கைக்குப் போனது.

உட்கார்ந்தான்.

"பாஸ்! பாஸ்!"

மறுபடி எழுந்தான்.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"உக்காரு. உன்னைய இல்ல."

பந்து ரியாஸிடமிருந்து கூடையடியில் நின்றவனுக்குப் போனது. அவன் போட்டான்.

ஜெபஸ்டின் மெதுவாக உட்கார்ந்தான். இந்த வருஷத்து ஆட்டம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் நாலு பேர் கத்திக்கொண்டு இருந்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது.

இடைவேளையில் அணி நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இசக்கியை அவன் ஓரமாக இழுத்தான்.

"லேய், இத்தன நாளும் பந்தையா கேட்டிய?"

"பொறவு? உங்களுக்குத் தலைக்கனம், தர மாட்டீங்கன்னு நெனச்சோம்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"சொன்னோமே, பாஸ். தொண்டை கிழிய."

மாஸ்டர் விசில் ஊதினார். கையை மைதானத்தின் பக்கம் காட்டினார். ஜெபஸ்டின் இறங்கினான்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. முடிய சில நொடிகள் இருக்கையில் ஒரு புள்ளி குறைவு. பந்து ஜெபஸ்டின் கையில். எதிரணியில் பனைமரமாக இரண்டு பேர் அவனை மறித்து நின்றார்கள். இரண்டு பேரையும் தாண்டிவிடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. கால்கூட ஒரு எட்டு முன்னால் போய்விட்டது.

"பாஸ்!"

யார் என்று பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கம் எறிந்தான்.

இசக்கி எம்பிப் போட்டான். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, மாஸ்டர் கட்டிய புது வலைக்குள் இறங்கியது.

நீண்ட விசில்.

பையன்கள் பாய்ந்து வந்து கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். மைதானமே அதிர்ந்தது.

"பாஸ்! பாஸ்! பாஸ்!"

தோள் மேலிருந்த ஜெபஸ்டின் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பந்து எங்கலே?"